மணத்தில் உப்புப் பார்த்த கதை

சாப்பாட்டு விஷயத்தில் எனக்குப் பிடிக்காத சொற்கள் இரண்டே இரண்டுதான். ஒன்று 'இல்லை', மற்றது 'போதும்'. மற்றப்படி குறை சொல்லத் தெரியாத பிறவி நான். நேற்று வாங்கிய பாண் ரொட்டியை வாட்டி, இடித்த சம்பலோடு தந்தால் எனக்கு அது பெருநாள். ஆவி பறக்கும் புட்டில் ஒரு கதலி வாழைப்பழத்தைப் பிசைந்து தந்தால் சொத்தையே எழுதிக் கொடுப்பேன். (சொத்து இல்லாததால் இந்த வாக்குறுதியைத் தாராளமாகக் கொடுத்து வந்திருக்கிறேன்.) இப்படிப்பட்ட நான், ருசி பார்ப்பதற்குச் சம்பளம் தரும் ஒரு வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போய், ஒரு துளியைக்கூட வாயில் வைக்காமல் திரும்பி வந்தேன். இதை நானாகவே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் சொல்லாவிட்டாலும் என் வீட்டில் இருப்பவர்கள் சொல்லிவிடுவார்கள்.

இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ. லண்டன் கிங்ஸ்பரியில் ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் சிவா அண்ணையோடு இருந்தேன். சிவா அண்ணை பத்து வருஷம் ஜேர்மனியில் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்த மின்சார வேலைக்காரர். எதைப் பார்த்தாலும் "ஜேர்மனியில எண்டா" என்றுதான் தொடங்குவார். பஸ் பிந்தினாலும் அப்படித்தான், மழை முந்தினாலும் அப்படித்தான். நல்ல மனிதர். எனக்கு அப்போது ஏஜென்சி மூலம் ஒரு சாமான் கிடங்கில் வேலை. இன்றைக்கு வா என்பார்கள், நாளைக்கு வராதே என்பார்கள். அதில்தான் என் வாழ்க்கையே சிக்கிக்கொண்டிருந்தது.

ஏனென்றால் எனக்கு ஒரு மனைவி இருந்தாள். அதற்கு முதல் வருஷம் இந்தியாவுக்குப் போய்க் கல்யாண எழுத்து முடித்துவிட்டு வந்திருந்தேன். சுமதியும் நானும் சேர்ந்திருந்தது மொத்தம் பதினொரு நாள். திருச்சியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் அவள் தன் தட்டில் இருந்த கடைசி வடையைப் பாதியாகப் பிய்த்து, பெரிய பாதியை என் பக்கம் தள்ளினாள். அந்த நிமிஷமே நான் விழுந்துவிட்டேன். இப்போது அவள் யாழ்ப்பாணத்தில் என் அம்மாவோடு இருந்தாள். அவளை இங்கே கூப்பிட வேண்டுமென்றால், எனக்கு நிரந்தர வேலை இருக்கிறது என்று முதலாளி ஒருவர் கடிதம் தர வேண்டும். ஏஜென்சிக்காரனிடம் கேட்டதற்கு, 'நிரந்தரம்' என்ற சொல்லையே அன்றைக்குத்தான் கேள்விப்படுவது போலப் பார்த்தான்.

ஐப்பசி மாதம் ஒரு நாள் வீட்டுக்குப் போன் எடுத்தேன். அம்மா நலம் விசாரிக்காமலே தொடங்கினார்.

"தம்பி, விசாவுக்கு வச்ச நேர்த்தி இன்னும் அப்பிடியே கிடக்கு. கந்தசட்டி ஆறு நாளும் பிடிக்கிறதெண்டு நேர்ந்தது."

"நான் எங்கயம்மா நேர்ந்தனான்? நீங்களெல்லே நேர்ந்தனீங்கள்."

"ஆர் நேர்ந்தா என்ன? விசா ஆருக்குக் கிடைச்சது?"

அம்மா மூச்சு விடாமல் தொடர்ந்தார்.

"ரெண்டு வருஷமாப் பேய்க்காட்டிக்கொண்டு இருக்கிறாய். அதுதான் சுமதிப் பிள்ளையின்ர விசா இழுபடுது. முருகன் எல்லாத்தையும் பாத்துக்கொண்டுதான் இருக்கிறார்."

முருகன் இவ்வளவு கணக்கு வைப்பவர் என்று நான் நினைத்திருக்கவில்லை. ஏதாவது சாட்டுச் சொல்லித் தப்பலாம் என்று வாயைத் திறப்பதற்குள் போன் சுமதியின் கைக்கு மாறிவிட்டது. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"இஞ்சருங்கோ, நானும் பிடிக்கிறன். நான் இஞ்சையும் நீங்கள் அங்கையுமாப் பிடிப்பம். ஒண்டாச் செய்யிற முதல் காரியம் எண்டு நினையுங்கோவன்."

அம்மாவிடம் மறுத்துப் பேசலாம். பதினொரு நாள் மட்டுமே கூட வாழ்ந்த மனைவியிடம் எப்படி மறுப்பது? "ஓம், நீர் சொன்னாச் சரி" என்றேன். முறை இதுதான்: பகலில் ஒன்றும் கிடையாது. பின்னேரம் கும்பிட்டுவிட்டு ஒரு கோப்பைப் பாலும் ஒரு பழமும். ஆறாம் நாள் அதுவும் இல்லை, தண்ணீர் மட்டும். ஏழாம் நாள் காலையில் சோறு கறியோடு பாறணை. அப்போதுதான் விரதம் முடியும்.

விரதம் தொடங்கிய அன்று காலையில் தபாலில் ஒரு கடிதம் வந்தது. சில வாரங்களுக்கு முதல் சிவா அண்ணை ஒரு சாப்பாட்டுத் தொழிற்சாலையில் வயரிங் வேலைக்குப் போயிருந்தபோது, அங்கே சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டு எனக்காக விண்ணப்பப் படிவம் எடுத்து வந்திருந்தார். பெட்டியில் அடைத்த ரெடிமேட் கறிகளும் பருப்பும் செய்யும் இடம் அது. ருசி பார்ப்பதற்கு ஆள் தேவை, அனுபவம் அவசியமில்லை, நிரந்தர வேலை. படிவத்தில் 'பொழுதுபோக்கு' என்ற இடத்தில் 'சாப்பிடுதல்' என்று உண்மையைத்தான் எழுதியிருந்தேன். அவர்கள் என்னைக் கூப்பிட்டிருந்த நாளைப் பார்த்தேன். கையில் நாட்காட்டியை வைத்துக்கொண்டு விரலால் எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன். ஆறாம் நாள்.

"அண்ணை, அண்டைக்குத்தான் கடைசி விரதம். நாளை மாத்திக் கேப்பமே?"

"உனக்கென்ன விசரே? ருசி பாக்கிற வேலைக்கு வாறவன், 'நான் இப்ப சாப்பிடுறேல்லை, பிறகு வாறன்' எண்டு சொன்னா அவங்கள் என்ன நினைப்பாங்கள்? ஜேர்மனியில எண்டா அந்த இடத்திலயே பேரை வெட்டிப்போடுவாங்கள்."

"அப்ப விரதத்தை முறிக்கட்டே?"

"ஐயோ, அது கூடாது. முருகனோட விளையாடாத."

"அப்ப என்னதான் செய்யிறது?"

"அது உன்ர பிரச்சினை" என்று சொல்லிவிட்டு அவர் மீன் அடைத்த பணிஸ் ஒன்றைக் கடித்தார்.

அந்த ஐந்து நாட்களை எப்படிக் கழித்தேன் என்று விரிவாகச் சொன்னால் நீங்களும் அழுவீர்கள். முதல் நாள் வைராக்கியம். இரண்டாம் நாள் தலையிடி. மூன்றாம் நாளிலிருந்து கிங்ஸ்பரி முழுவதும் எனக்கு எதிராகச் சதி செய்தது. ஒரு கடையில் கொத்துரொட்டி கொத்தும் சத்தம், அடுத்த கடையில் வாழைக்காய்ப் பொரியல் மணம், பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவர் கையில் வினிகர் ஊற்றிய சிப்ஸ். அவர் ஒன்றைத் தவறவிட்டார். அது என் சப்பாத்துக்குப் பக்கத்தில் விழுந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் அதை மூன்று தரிப்பிடம் வரைக்கும் பார்த்துக்கொண்டே வந்தேன். வாழைப்பழம் என்ற ஒன்றை இறைவன் படைத்தது எவ்வளவு பெரிய காரியம் என்பது அந்த நாட்களில்தான் எனக்கு விளங்கியது. பின்னேரம் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்து ஆறு மணிக்கு அதன் தோலை உரிப்பேன். அதை நாலு கடியில் முடிக்காமல் பதினாறு கடியாக்கிச் சாப்பிட்டேன். அவ்வளவு இனிப்பான பழங்களை நான் அதற்கு முதலும் சாப்பிட்டதில்லை, பிறகும் சாப்பிட்டதில்லை. பார்த்தால் மற்ற நாட்களில் வாங்கும் அதே கடை, அதே பழம்.

நாலாம் நாள் பசி மயக்கத்தில் எனக்கு ஒரு அருமையான யோசனை வந்தது. (பசி மயக்கத்தில் வரும் யோசனைகளை நம்பக்கூடாது. அப்போது எனக்கு அது தெரியாது.) எங்கள் வீட்டில் சாமிக்குப் படைக்கும் சமையலை யாரும் ருசி பார்க்க மாட்டார்கள். படைத்த பிறகுதான் வாயில் வைக்கலாம். அம்மா பானைக்கு மேலே குனிந்து, ஆவியைக் கையால் முகத்தின் பக்கம் ஒதுக்கி, மூக்கை உறிஞ்சிவிட்டு "உப்பு அளவு" என்பார். ஒருநாளும் பிழைத்ததில்லை. அந்த அம்மாவின் மகன் நான். என் மூக்கும் லேசான மூக்கு இல்லை, யார் வீட்டில் என்ன கறி என்று தெருவில் நின்றே சொல்லுவேன். அப்படியானால் வாய் எதற்கு? மூக்கால் பார்த்து முடித்துவிடலாமே! விரதமும் நிற்கும், வேலையும் கிடைக்கும். சிவா அண்ணையிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஜேர்மனியில் இப்படி ஒரு முறை இருப்பதாகத் தான் கேள்விப்படவில்லை என்றார்.

ஆறாம் நாள், பின்னேரம் இரண்டு மணி. என்னை வெள்ளைக் கோட்டும் தலைக்கு ஒரு வலைத் தொப்பியும் போடவைத்து, ஒரு சின்ன அறைக்குள் கூட்டிக்கொண்டு போனார்கள். ருசி பார்க்கும் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த மார்கரெட் என்ற பெண்மணிக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். நரைத்த குட்டை முடி, கழுத்தில் தொங்கும் கண்ணாடி, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும் முகம். மேசையில் எட்டு வெள்ளைக் கிண்ணங்கள், ஒன்று முதல் எட்டு வரை இலக்கம் போட்டு, மூடி வைத்திருந்தன. எல்லாம் இறைச்சி போடாத குழம்பும் பருப்பும்தான் என்று சொன்னார். பக்கத்தில் கரண்டிகள், தண்ணீர், ஒரு பெரிய காகிதக் கோப்பை.

"விழுங்கத் தேவையில்லை. வாயில் வைத்துப் பார்த்துவிட்டு இந்தக் கோப்பைக்குள் துப்பிவிடலாம்."

சாப்பாட்டைத் துப்புவதற்கு ஒரு கோப்பை! ஆறு நாள் பட்டினி கிடந்தவனிடம் சொல்லுகிற வார்த்தையா இது? அதே நேரம் மனதுக்குள் ஒரு சின்னச் சபலம். துப்பலாம் என்றால், நாக்கில் மட்டும் பட்டால் விரதம் முறியுமா? கேட்டுத் தெளிய அந்தத் தொழிற்சாலையில் ஐயர் ஒருவரும் இருக்கவில்லை. சுமதி அங்கே தண்ணீரோடு இருப்பாளே என்று நினைத்தேன். சபலம் போய்விட்டது.

மார்கரெட் வெளியே போய்க் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். நான் முதலாவது மூடியைத் திறந்தேன். பருப்பு! அந்த ஆவி முகத்தில் அடித்ததும் மூடியைத் திரும்பப் போட்டுவிட்டேன். சுதாரித்துக்கொண்டு நடிப்பைத் தொடங்கினேன். கரண்டியில் அள்ளுவேன், மூக்குக்குக் கிட்டக் கொண்டுவருவேன், நெஞ்சு நிறைய இழுப்பேன், கண்ணை மூடுவேன். பிறகு கையால் மறைத்துக்கொண்டு கரண்டியைக் கோப்பைக்குள் கவிழ்த்துவிட்டு, வெறும் வாயை ஒரு நிமிஷம் மெல்லுவேன். இடையிடையே தலையையும் ஆட்டினேன். யாரும் கேட்கவில்லை, நடிப்பில் ஒரு முழுமை வேண்டும் என்றுதான்.

தாளில் எழுதத் தொடங்கியதும் எனக்கே என் மீது மரியாதை வந்துவிட்டது. ஒன்று: சீரகம் பழசு, சாக்கில் ஈரம் பட்டிருக்கிறது. இரண்டு: கராம்பு கூடிவிட்டது. மூன்று: வெந்தயம் கருகிவிட்டது. நாலு: கறிவேப்பிலை போட்டதாகச் சொல்லுவார்கள், போடவில்லை. கை நிற்கவே இல்லை. ஒவ்வொரு கிண்ணத்துக்கும் கீழே 'உப்பு: குறைவு, அளவு, அதிகம்' என்று மூன்று கட்டங்கள். அம்மாவை நினைத்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சி, எட்டுக்கும் 'அளவு' என்று அடையாளம் போட்டேன். ஏழாவது கிண்ணத்துக்குப் பக்கத்தில் 'இதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது' என்று தனியாக ஒரு பாராட்டும் எழுதினேன். நான் சும்மா இருந்திருக்கலாம்.

மார்கரெட் உள்ளே வந்து தாளை வாசித்தார். பாதி வரைக்கும் புருவம் மெல்ல மெல்ல மேலே ஏறியது. நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

"ஏழாவது உங்களுக்கு அவ்வளவு பிடித்ததா?"

"மிகவும். அதை மட்டும் நான் துப்பவில்லை. விழுங்கிவிட்டேன்" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, புதுக் கரண்டி ஒன்றை எடுத்து ஏழாவது கிண்ணத்தில் தொட்டு வாயில் வைத்தார். முகம் சிவந்தது. தண்ணீரை எடுத்து மடமடவென்று குடித்தார். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. வருகிறவர்களைச் சோதிப்பதற்காகவே ஐந்தாவதில் ஒரு கல் உப்பும் போடாமலும், ஏழாவதில் கடலையே கொட்டியும் வைத்திருந்தார்கள். உப்புக்கு மணம் கிடையாது. இருபத்தெட்டு வயதுவரை எனக்கு இது தெரியாது. (அம்மாவின் ரகசியத்தைப் பிறகு கேட்டு அறிந்தேன். "உப்புப் போட்டது நான், அளந்து போட்டது நான், எனக்குத் தெரியாதே அளவெண்டு? மணந்து பாக்கிறது சும்மா ஒரு பழக்கம்" என்றார்.)

அடுத்ததாக மார்கரெட் காகிதக் கோப்பையைத் தூக்கிப் பார்த்தார். அதற்குள் எட்டுக் கரண்டிக் குழம்பும் போட்டது போட்டபடி, மஞ்சளும் சிவப்புமாக ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தன. விழுங்கியதாகச் சொன்ன ஏழாவதும் அதில் இருந்தது. அந்த நேரம் பார்த்து என் வயிறு ஒரு நீண்ட உறுமல் உறுமியது. பழைய மோட்டார் சைக்கிளை உதைத்து எழுப்புவது போல, தொடங்கி, நின்று, மறுபடியும் தொடங்கியது.

"நீங்கள் கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டார்.

"நேற்று ஆறு மணிக்கு. ஒரு வாழைப்பழம்."

"அதற்கு முதல்?"

"முந்தநாள் ஆறு மணிக்கு. ஒரு வாழைப்பழம்."

அதற்கு மேல் மறைக்க என்ன இருக்கிறது? எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் முருகன், அம்மா, விசா, சுமதி, வடை, எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டினேன். எது முதல், எது பிறகு என்று எனக்கே பிடிபடவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "சரியாக விளங்கிக்கொண்டேனா என்று பாருங்கள். நீங்கள் சாப்பிட்டால் மனைவி வர முடியாது. சாப்பிடாவிட்டால் வேலை கிடைக்காது. வேலை கிடைக்காவிட்டாலும் மனைவி வர முடியாது" என்றார்.

"ஆம்" என்றேன். என் நிலைமையை நானே இவ்வளவு தெளிவாக யோசித்துப் பார்த்திருக்கவில்லை. கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம் என்று எழுந்தேன்.

"கொஞ்சம் இருங்கள். ஆறு நாளாக உங்கள் நாக்கில் உப்புப் படவில்லையா?"

"இல்லை."

"காரம்? புளிப்பு? எண்ணெய்?"

"ஒன்றும் இல்லை."

அவருடைய முகத்தில் திடீரென்று ஒரு வெளிச்சம். "இருபது வருஷமாக இந்த வேலை செய்கிறேன். இப்படிச் சுத்தமான ஒரு நாக்கு எனக்குக் கிடைத்ததே இல்லை. எத்தனை மணிக்கு நீங்கள் சாப்பிடலாம்?"

"நாளைக்குக் காலையில்."

"ஏழரைக்கு இங்கே வாருங்கள். வழியில் எதையும் வாயில் வைத்துவிடாதீர்கள்" என்றார், ஏதோ நான் வழிவழியே தின்றுகொண்டு திரிபவன் போல. (மற்ற நாட்களில் அது உண்மைதான்.)

சிவா அண்ணையிடம் நடந்ததைச் சொன்னபோது, ஜேர்மனியில் இப்படி நடந்திருக்காது என்று முதல்முறையாக லண்டனுக்கு ஒரு புள்ளி கொடுத்தார். விடியப்புறம் நான் குளித்து, விபூதி பூசிக்கொண்டு, குளிர்ப்பெட்டிக்கு மேலே இருந்த முருகன் படத்தைக் கும்பிட்டுவிட்டு வந்தபோது சமையலறையில் வெளிச்சம் எரிந்தது. அண்ணை தலைக்குத் தொப்பியோடு அடுப்படியில் நின்றார்.

"வெறும் குழம்பைக் குடிச்சுப் பாறணை செய்யேலாது. சோறு வேணும். இந்தா" என்று ஒரு சாப்பாட்டுப் பெட்டியை என் கையில் வைத்தார். சூடு கைக்கு இதமாக இருந்தது. "தனியச் சாப்பிடாத. ஆருக்கேனும் குடுத்துச் சாப்பிடு, அதுதான் முறை" என்றும் சொன்னார். பஸ்ஸில் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனபோது, எனக்கு நல்லது நடக்க வேண்டும் என்று நினைக்க இந்த ஊரிலும் ஒருவர் இருக்கிறார் என்று சந்தோஷமாக இருந்தது.

ஏழரைக்கு அந்த அறையில் மார்கரெட் மட்டும் இல்லை. இன்னும் மூன்று பேர் கையில் குறிப்புப் புத்தகத்தோடு நின்றார்கள். அபூர்வமான நாக்கைப் பார்க்க வந்திருந்தார்கள். அதே எட்டுக் கிண்ணங்களையும் புதிதாக நிரப்பி வைத்திருந்தார்கள். நான் சுவரில் இருந்த படத்தில் காட்டியபடி கையை முழங்கை வரைக்கும் கழுவினேன். பெட்டியைத் திறந்தேன். வெள்ளைச் சோறு. முதலாவது கிண்ணத்துப் பருப்பைச் சோற்றில் கொஞ்சம் ஊற்றி, விரலால் குழைத்து, முருகா என்று வாயில் வைத்தேன்.

அந்த ஒரு வாயைப் பற்றி நான் பல வருஷமாகச் சொல்ல முயன்று தோற்றுப்போயிருக்கிறேன். அது பழைய சீரகம் போட்ட, யந்திரத்தில் கிண்டிய, பிளாஸ்டிக் பெட்டியில் விற்கிற பருப்பு. முதல் நாள் நானே குறை எழுதிய பருப்பு. அது நாக்கில் பட்டதும் காதுக்குப் பின்னால் இருந்து உள்ளங்கால் வரைக்கும் உடம்பு முழுவதும் விழித்துக்கொண்டது. உப்பு, மஞ்சள், வெந்த பருப்பின் மெல்லிய இனிப்பு என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்து என்னை நலம் விசாரித்தன. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாலு பேரும் புத்தகத்தில் ஏதோ எழுதினார்கள்.

"எப்படி இருக்கிறது?" என்றார் மார்கரெட்.

"அருமை."

இரண்டாவது? அருமை. மூன்றாவது, கருகிய வெந்தயம்? அருமை, அந்தக் கருகல் மணம்தான் அருமை. ஐந்தாவது, உப்பே இல்லாதது? எவ்வளவு சாந்தமான கறி என்றேன். ஏழாவதை வாயில் வைத்தபோது மூன்று பேரும் முன்னால் சாய்ந்து பார்த்தார்கள். ஆறு நாள் உப்பைக் காணாதவனுக்குக் கடல் என்ன செய்யும்? "அருமை. இன்னும் கொஞ்சம் இருக்கிறதா?" என்று கேட்டேன். ஒரு பெண் தன் குறிப்புப் புத்தகத்தை மூடினாள். மற்ற இரண்டு பேரும் மூடினார்கள். உலகத்திலேயே சுத்தமான நாக்கு எட்டுக்கும் ஒரே சொல்லைச் சொல்லிவிட்டது.

எனக்கு அப்போதுதான் அண்ணை சொன்னது ஞாபகம் வந்தது. தனியச் சாப்பிடாத. மிச்சச் சோற்றில் பருப்பையும் குழம்பையும் ஊற்றிக் குழைத்து, எங்கள் வீட்டில் செய்வது போல நாலு உருண்டை பிடித்தேன். "மன்னிக்க வேண்டும், கொடுத்துத்தான் சாப்பிட வேண்டும்" என்று ஒவ்வொருவரின் உள்ளங்கையிலும் ஒன்று வைத்தேன். என்ன செய்வது என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மார்கரெட்தான் முதலில் வாயில் போட்டார். மென்றார். முதலாவது கிண்ணத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"இது எங்கள் பருப்பா?" என்று கேட்டார்.

"உங்கள் பருப்புத்தான்" என்றேன்.

மற்றவர்களை அனுப்பிவிட்டு என் எதிரில் உட்கார்ந்தார். "குகன், நான் கண்டவர்களிலேயே மிக மோசமான ருசி பார்ப்பவர் நீங்கள்தான். உங்களை இந்த அறைக்குள் விட்டால் நாங்கள் எதை வேண்டுமானாலும் விற்றுவிடுவோம்."

நான் பெட்டியை மூடினேன். சுமதிக்கு எப்படிச் சொல்லப்போகிறேன் என்ற ஒரு எண்ணம்தான் இருந்தது.

"ஆனால்" என்று அவர் முதல் நாள் தாளை எடுத்தார். "ஒரு மாதமாகப் பருப்பில் ஏதோ பிழை என்று கடைகளிலிருந்து சொல்லுகிறார்கள். எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. நீங்கள் சீரகச் சாக்கில் ஈரம் என்று எழுதியிருந்தீர்கள். நேற்றுப் பின்னேரம் போய்ப் பார்த்தேன். ஈரம்தான். வெந்தயமும் சரி, கறிவேப்பிலையும் சரி. வாயில் வைக்காமலே இதையெல்லாம் எழுதியிருக்கிறீர்கள்." தாளை மேசையில் வைத்தார். "எங்கள் மசாலாக் கிடங்குக்கு வருகிற சாக்குகளைப் பார்த்து எடுக்க ஒரு ஆள் வேண்டும். மூக்கு மட்டும் போதும். அங்கே யாரும் எதையும் சாப்பிடுவதில்லை."

"நிரந்தரமா?" என்று கேட்டேன். நன்றி சொல்ல வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

"நிரந்தரம். கடிதமும் தருகிறேன்" என்றார், அப்போது முழுதாகச் சிரித்துவிட்டார்.

அன்றைக்கே வீட்டுக்குப் போன் எடுத்தேன். மணத்தில் உப்புப் பார்த்ததிலிருந்து கடிதம் வரைக்கும் சுமதிக்குச் சொன்னேன்; அவள் அழுது மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அம்மா போனை வாங்கி, "பாறணை எங்க செய்தனீ?" என்றார்.

"மார்கரெட் எண்டு ஒரு வெள்ளைக்காரம்மா, அவதான் சாப்பாடு தந்தவ."

"ஆறுநாள் விரதக்காரனுக்குப் பாறணை குடுத்தவ எண்டா எவ்வளவு புண்ணியம்! அவவின்ர பேரிலயும் ஒரு அர்ச்சனை செய்யோணும். நட்சத்திரம் என்ன எண்டு கேட்டுச் சொல்லு."

மார்கரெட்டிடம் போய்ப் பிறந்த திகதியையும் நேரத்தையும் கேட்டது என் வாழ்க்கையின் இரண்டாவது பெரிய சங்கடம். அதை வைத்து ஊரில் ஒரு சாத்திரியார் கணித்துச் சொன்னார்: விசாகம். முருகனுடைய நட்சத்திரம். அம்மா இதற்கு மேல் ஒரு விளக்கமும் கேட்கவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் எங்கள் ஊர்க் கோயிலில் ஐயர் தட்டுத்தடுமாறி 'விசாக நட்சத்திரே மாக்கிரட் நாமதேயஸ்ய' என்று சொல்ல, மார்கரெட்டுக்குத் தபாலில் விபூதியும் சந்தனமும் வந்துகொண்டிருந்தன. அவர் அவற்றைத் தன் மேசையின் இழுக்கும் லாச்சிக்குள் பத்திரமாக வைத்திருந்தார்.

அடுத்த சித்திரையில் சுமதி ஹீத்ரோவில் வந்து இறங்கினாள். சிவா அண்ணை தன் வான் வண்டியில் எங்களைக் கூட்டிவந்து வாசலில் இறக்கிவிட்டு, வேலை இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் காலையிலேயே சமைத்து வைத்திருந்தேன். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு. அவள் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். முதல் வாய் சாப்பிட்டாள். நான் என் தட்டைத் தொடாமல் அவள் முகத்தையே பார்த்தேன்.

"எப்பிடி இருக்கு?"

"அருமை" என்றாள்.

நானும் ஒரு வாய் வைத்தேன். ஒன்றிலும் ஒரு கல் உப்பு இல்லை. "உமக்கு உப்பு அளவா இருக்கோ?" என்று மெதுவாகக் கேட்டேன்.

அவள் தட்டை இரண்டு கையாலும் தூக்கி, மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய், கண்ணை மூடி, நெஞ்சு நிறைய இழுத்தாள். "அளவு" என்றாள். பிறகு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். அன்றைக்கு நாங்கள் உப்புப் போத்தலை எடுக்கவே இல்லை, பானை காலியாகும் வரைக்கும் அப்படியே சாப்பிட்டோம்.

இப்போது பிள்ளைகளும் இதில் சேர்ந்துவிட்டார்கள். வீட்டில் புதிதாக எது சமைத்தாலும் சுமதி எல்லாரிடமும் அபிப்பிராயம் கேட்பாள். என் முறை வரும்போது மகள் குறுக்கே விழுவாள். "அம்மா, அப்பாவிட்டக் கேக்காதேங்கோ. ஹீ கேவ் எவ்ரிதிங் 'அருமை'!" மகன் தட்டைத் தூக்கி மணந்து காட்டுவான். உறைப்புக் கூடவா, புளி காணாதா என்று மூன்று பேரும் சண்டை பிடிப்பார்கள். அவர்கள் ஒரு முடிவுக்கு வருவதற்குள் நான் இரண்டாவது தடவை போட்டுக்கொண்டு இருப்பேன்.